நூறு கிலோவும் நான்கு மாத அவகாசமும்

வட சென்னையிலிருந்து டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 47, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 109 கிலோ. 22 ஆண்டுகளாகக் கனரக வண்டி ஓட்டுகிறார். துறைமுகத்துக்கும் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் இடையே கன்டெய்னர் ஏற்றுவதுதான் முக்கிய வேலை. மாதத்தில் நான்கைந்து டிரிப் நெல்லூர், விஜயவாடா வரையும் போய்வருகிறார். இதுவரை அவர் பெயரில் ஒரு விபத்து வழக்குகூட இல்லை.

சென்ற மாதம் அவருடைய நிறுவனம் ஓட்டுநர்கள் அனைவருக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்தியது. இவருக்கு ரத்த அழுத்தம் 158/98, வெறும் வயிற்றில் சர்க்கரை 172, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6. பரிசோதனைத் தாளின் அடியில் ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்று எழுதிவிட்டார்கள். ‘100 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு இனி வண்டி கிடையாது, இரண்டு மாதத்தில் 90-க்கு வாருங்கள்’ என்று மேற்பார்வையாளர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஆள் பற்றாக்குறையால் வாரத்துக்கு நான்கு நாள் வண்டியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான்கு மாதத்தில் அவருடைய கனரக உரிமம் காலாவதியாகிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் எடை பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இரவு உணவை முற்றிலும் நிறுத்தியிருக்கிறார். ‘தண்ணீர் எடை’ குறைவதற்கென்று நண்பர் கொடுத்த, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையையும் விழுங்கி வருகிறார். சர்க்கரைக்கு மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை. ஒரு முறை சூலூர்பேட்டை அருகே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். பட்டினி கிடந்த பலவீனம் என்று நினைத்துக்கொண்டாராம்.

அவர் கேட்பவை நான்கு. எடை காரணமாக உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க முடியுமா? ‘அமெரிக்காவில் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீடு) 35-க்கு மேல் போனால் லாரி ஓட்டவே முடியாது, இங்கும் அந்தச் சட்டம் வருகிறது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி உண்மையா? ஆளைப் பார்க்காமலே மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா? எடை குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

கடிதம் அவர் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகள் எழுதியது. கடைசி ஐந்து வரிகள் மட்டும் வேறு கையெழுத்தில் இருக்கின்றன. குறட்டை அதிகம் என்றும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி சொல்கிறார் என்றும், இரண்டு மாதங்களுக்கு முன் விடியற்காலை நான்கு மணிக்குத் தடா தாண்டி வரும்போது கண் செருகி, சக்கரம் சாலையோரத்தில் இறங்கி அதிர்ந்த பிறகே விழித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். ‘பாப்பாவுக்குத் தெரியாது’ என்று முடித்திருந்தார். தொலைபேசியில் அவரிடம் அனுமதி கேட்டேன். வீட்டில் சொல்லிவிட்டதாகவும் போடலாம் என்றும் சொன்ன பிறகே அந்த வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் மகளுக்குத் தெரியாமல் எழுதிய அந்த ஐந்து வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் நிறுவனமும் நண்பர்களும் நீங்களும் 109 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மருத்துவராக எனக்கு அச்சம் தருவது தடாவில் நீங்கள் இழந்த அந்தச் சில நொடிகள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. கண் செருகியது மூன்றே நொடி என்றாலும், கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் 50 மீட்டர் தூரத்தை ஓட்டுநர் இல்லாமல் கடந்திருக்கிறது. அன்று சாலையோரத்தில் யாரும் நிற்கவில்லை என்பதைத் தவிர உங்களைக் காப்பாற்றியது வேறெதுவும் இல்லை.

ஆகவே முதல் ஆலோசனை கசப்பானது: தூக்கப் பரிசோதனை முடிந்து சிகிச்சை பிடிபடும் வரை கனரக வண்டியை ஓட்டாதீர்கள். வாரத்துக்கு நான்கு நாள் என்று குறைத்துக்கொள்வதோ பகல் டிரிப் மட்டும் எடுப்பதோ போதாது. வருமானம் என்ன ஆகும் என்று நீங்கள் உடனே கேட்பீர்கள், அதற்கும் வருகிறேன்.

குறட்டை என்று நீங்கள் எழுதியது

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்தைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு, அந்தத் தளர்வில் மூச்சுப் பாதை குறுகி, சில நேரம் முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. மூச்சு பத்து நொடி, இருபது நொடி நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்புகிறது. பெரும் சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் இப்படி ஐந்து முறைக்குக் குறைவாக நிகழ்ந்தால் இயல்பு, 15 முறை முதல் மிதமான நோய், 30-ஐத் தொட்டால் கடுமையான நோய் என்று கணக்கிடுகிறோம். கடுமையான நிலையில் இருப்பவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும், மூளை அளவில் அவர் உறங்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். தூக்கத்தில் மூச்சடைப்பு என்ற இந்த நோய் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சர்க்கரையைக் கட்டுக்கு வரவிடாது, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். உங்கள் 158/98-க்கு உப்பும் எடையும் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று கடிதத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்ல முடியும். உரத்த குறட்டை, பார்த்தவர் சொல்லும் மூச்சு நிறுத்தம், உயர் ரத்த அழுத்தம், 35-ஐத் தாண்டிய உடல் நிறை குறியீடு, ஆண் என்பது ஆகிய ஐந்தும் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் எட்டுக் கேள்விகளில் அடங்கியவை. இன்னொன்றை நீங்களே அளந்து பார்க்கலாம்: சட்டைக் காலரின் அளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா? பகல் நேரத் தூக்கக்கலக்கத்தை அளக்கத் தனியாக ஒரு வினாத்தாள் உண்டு. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, சிக்னலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது என எட்டுச் சூழல்களில் கண் அயர எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24-இல் பத்துக்கு மேல் வந்தால் இயல்பல்ல. ஓட்டுநர்கள் இதற்கு உண்மையான பதில் எழுதுவதில்லை என்பது எங்களுக்குப் பழக்கமான அனுபவம். நேர்மையின்மை என்று நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், அச்சம்தான் காரணம்.

சோதனை எளிது. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கியோ, சிறிய கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொண்டோ உறங்க வேண்டும். நோய் உறுதியானால் முதன்மைச் சிகிச்சை, ‘சிபேப்’ என்று அழைக்கப்படும் காற்றழுத்தக் கருவி. முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை அடைபடாமல் அது தாங்கிப் பிடிக்கிறது. முதல் வாரம் மூச்சுத் திணறுவது போல இருக்கும், முகமூடியைப் பிடுங்கிப் போடத் தோன்றும். மூக்குக்குப் பொருந்தும் அளவு கிடைத்துவிட்டால் பெரும்பாலானோர் பழகிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக ஒழுங்காக உறங்காதவர்கள் சில நாட்களிலேயே தெளிவை உணர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கருவிக்கு உள்ளே ஒரு நினைவகம் இருப்பதால் நீங்கள் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினீர்கள் என்பதும் பதிவாகும். பத்து இரவுகளில் ஏழு இரவாவது நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக வைக்கும் அளவுகோல். நெல்லூரில் கேபினிலேயே படுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை வேண்டாம், வண்டியின் 24 வோல்ட் மின்சாரத்தில் இயக்குவதற்கான இணைப்பான்களும் கிடைக்கின்றன.

அதுவரை தூக்கத்தை விரட்ட ஓட்டுநர்கள் நம்புகிற வழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது, பாட்டின் சத்தத்தைக் கூட்டுவது, பச்சை மிளகாயைக் கடிப்பது, ஹான்ஸ் அடக்கிக்கொள்வது ஆகியவை சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. நல்ல உடல்நிலையில் உள்ள ஓட்டுநருக்கு உண்மையில் பலன் தருவது, ஒரு காபி குடித்துவிட்டு வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் படுப்பது. உங்களைப் போல மூச்சடைப்பு இருப்பதாகச் சந்தேகம் உள்ளவருக்கு அதுவும் போதாது. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை எல்லா மனிதர்களின் உடலும் உறக்கத்தை நோக்கியே சாய்கிறது. 22 ஆண்டு அனுபவம் அந்தச் சாய்வை நிமிர்த்தாது.

உரிமத்துக்கு எடை ஒரு தடையா?

இல்லை. நம் நாட்டில் போக்குவரத்து வாகன உரிமத்தைப் புதுப்பிக்க, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் படிவம் 1-ஏ என்ற சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவம் கேட்பவை இவை: பார்வைக் குறைபாடு உண்டா, இருந்தால் கண்ணாடியால் சரியாகிறதா, நிறங்களைப் பிரித்தறிவதில் கடுமையான குறை உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் எண் பலகையைப் படிக்கிறாரா, ஒலிச் சைகைகள் காதில் விழாத அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறதா, மாலைக்கண் உண்டா, ஓட்டுவதற்கு இடையூறாகக் கை கால்களில் குறை ஏதும் உண்டா. எடைக்கென்று அதில் கட்டம் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காகவே உரிமம் மறுக்கப்படுவதும் இல்லை. ஆனால் நீங்களே கையெழுத்திடும் படிவம் 1-இல், வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவிழப்போ தலைசுற்றலோ வருவதுண்டா என்றும், நீங்கள் ஓட்டுவது பிறருக்கு ஆபத்தாகும்படியான வேறு நோய் உண்டா என்றும் கேள்விகள் இருக்கின்றன. உங்களைப் பொறுத்தவரை உண்மையான சோதனை அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. தடாவும் சூலூர்பேட்டையும் சரியாகாதவரை அவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுத உங்களுக்கு மனம் வரக் கூடாது.

நான்கு மாதம் என்பதைத் தூக்குக் கயிறு போல எண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, காலாவதித் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்து ஓராண்டு பின்பு வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த ஓராண்டையும் தாண்டினால்தான் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். காலாவதியான நாளிலிருந்து புதுப்பிக்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு, எப்படியும் அந்த இடைவெளியில் நீங்கள் ஓட்டக் கூடாது என்றுதானே நானும் சொல்கிறேன். புதுப்பித்தால் உரிமம் ஐந்தாண்டு செல்லும். அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான உரிமம் என்றால் மூன்றாண்டு. தகுதியில்லை என்று அலுவலகம் மறுத்து உத்தரவிட்டால், அது உங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யும் உரிமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தருகிறது. நான் வழக்கறிஞர் அல்லன்; அந்தக் கட்டம் வந்தால் சங்கத்தின் மூலமாகவோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் சொல்லும் அமெரிக்கா

அந்தச் செய்தி தவறு. ஆனால் அது எதிலிருந்து திரிந்தது என்று அறிவது உங்களுக்குப் பயன்படும். அமெரிக்காவில் வணிக லாரி ஓட்டுநர்களுக்குக் கூட்டாட்சி அரசின் மருத்துவச் சான்றிதழ் கட்டாயம், அதன் அதிகபட்ச ஆயுள் இரண்டு ஆண்டு. ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருந்தால்தான் முழு இரண்டு ஆண்டும் கிடைக்கும். முதல் முறையாக 140-க்கும் 159-க்கும் இடையில் இருப்பது தெரியவந்தால் ஓராண்டு, 160-ஐத் தொட்டால் மூன்று மாதம், 180/110-ஐத் தொட்டால் குறையும் வரை ஓட்ட அனுமதி இல்லை. இன்சுலின் போடுபவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த தடையை 2018-இல் மாற்றி, மூன்று மாதச் சர்க்கரைப் பதிவைக் காட்டித் தனித்தனியே மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். எடைக்கு அங்கும் உச்ச வரம்பு கிடையாது. 2016-இல் ஆலோசனை வாரியம் ஒன்று, உடல் நிறை குறியீடு 40-ஐத் தொட்டவர்களையும், 33-ஐத் தொட்டுக் கூடவே ரத்த அழுத்தம், குறட்டை போன்ற வேறு அறிகுறிகள் உள்ளவர்களையும் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்தது. அதைக் கட்டாய விதியாக்கும் முயற்சி 2017-இல் கைவிடப்பட்டது. இந்தப் பரிந்துரைதான் கைமாறிக் கைமாறி ‘லாரி ஓட்டத் தடை’ ஆகியிருக்க வேண்டும். பரிந்துரையின்படி நீங்கள் அங்கே இருந்திருந்தாலும் வேலையை விட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள், பரிசோதனைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள்.

நிறுவனத்தின் நூறு கிலோ

அரசின் விதியில் இல்லாத தகுதியை நிறுவனம் தன் பாதுகாப்புக்காக வைப்பது புதிதல்ல. பெரிய தொழிற்சாலைகள் தங்கள் வளாகத்துக்குள் வரும் ஓட்டுநர்களுக்கு மருத்துவச் சான்று கேட்பதும் நியாயமே. ஆனால் 100 என்ற எண்ணுக்கு, அது வட்டமாக இருப்பதைத் தவிர மருத்துவ அடிப்படை எதுவும் எனக்குத் தெரியவில்லை. 95 கிலோ உள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 160 சென்டிமீட்டர் உயரம், இன்னொருவர் 185. முன்னவரின் குறியீடு 37, பின்னவருடையது 28-க்கும் கீழே. நூறு கிலோ விதி இருவரையும் ஒன்றாக உள்ளே விட்டுவிடும். உங்கள் குறியீடு இப்போது 37.7, இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கணிக்கிறோம், ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறோம். மேற்பார்வையாளர் சொன்ன 90 கிலோவுக்கே நீங்கள் வந்தாலும் குறியீடு 31-இல்தான் நிற்கும். இந்த வேலைக்குப் பொருத்தமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: சீட் பெல்ட் சரியாகப் பூட்டுகிறதா, வயிறு ஸ்டீயரிங்கில் உரசாமல் முழுச் சுற்று திருப்ப முடிகிறதா, கேபினில் ஏறி இறங்க மூச்சு வாங்குகிறதா, தீப்பிடித்தால் உடனே குதித்து வெளியேற முடியுமா, இரவில் ஒழுங்காக உறங்குகிறாரா.

எனவே நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்பதற்கான காரணத்தையும், எந்த அளவுக்கு வந்தால் மீண்டும் தகுதி என்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். சிகிச்சைக் காலத்தில் யார்டு வேலையோ, வண்டிகளை ஒருங்கிணைக்கும் வேலையோ தர முடியுமா என்று கேளுங்கள். தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் இல்லாத நாளில் சாவியை நீட்டுவது நிறுவனத்துக்கும் நல்லதல்ல. நாளை ஏதேனும் நடந்தால் அந்தத் தாள்தான் முதலில் வெளியே வரும். மருத்துவ அறிக்கை முழுவதையும் மேற்பார்வையாளர் கையில் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. தகுதி உண்டு, இல்லை, அல்லது இன்ன கட்டுப்பாடுகளோடு உண்டு என்ற சான்று அவர்களுக்குப் போதும்.

வருமானம்

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், ஆனால் ஒருமுறைகூடப் போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதல் தந்த வரி அதுதான். இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு தேவை என்று சான்றளித்தால், தகுதியான சந்தா நாட்கள் இருக்கும்பட்சத்தில் (ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள்), சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பேட்டா நின்றுபோவதை இது ஈடுகட்டாது என்று தெரியும். ஆனாலும் சோதனைக்கும் கருவி பழகுவதற்கும் மூன்று மாதம் போதுமானது. கார்டில் குறிப்பிட்டுள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முதலில் செல்லுங்கள், அங்கிருந்து அயனாவரம் அல்லது கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். சிபேப் கருவியின் விலை சில பத்தாயிரங்கள் ஆகும்; சொந்தப் பணத்தில் வாங்கும் முன் இ.எஸ்.ஐ. வழியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரையும் பட்டினியும்

சூலூர்பேட்டையில் நடந்தது வெறும் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோயிருக்க வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக எடுத்தால் அப்படி ஆவது அரிது. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தவிர்த்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பிறகு குழப்பம், கடைசியில் மயக்கம் என்று போகும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் குறைவது நீரும் உப்பும் மட்டுமே, கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. கழிப்பறை இல்லாத சாலையில் தண்ணீர் குடிக்கவே யோசிக்கும் உங்களுக்கு அது சிறுநீரகத்தையும் வாட்டும். ரத்த அழுத்தத்துக்கு அந்த வகை மருந்து தேவைப்படலாம், ஆனால் எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தாழ்சர்க்கரைக்கு இடம் தராத வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஓட்டுநர் என்று சொல்லி அவற்றைக் கேளுங்கள்.

மீண்டும் ஸ்டீயரிங்கில் அமரும் நாளில், இப்படிப்பட்ட மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால், கிளம்பும் முன்பும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 70-க்குக் கீழே போனால் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் கழியாமல் வண்டியை எடுக்கக் கூடாது, எண் ஏறிய வேகத்தில் மூளை தெளிவதில்லை.

கண்ணையும் காலையும் மறக்க வேண்டாம். சர்க்கரை விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். 25 மீட்டரில் எண் பலகையைப் படித்துவிடுபவருக்கும் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். அன்று முழுவதும் வண்டி ஓட்டாதீர்கள், இருசக்கர வாகனத்தையும்கூட. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் சொல்லுங்கள், பிரேக்கின் அழுத்தத்தை உணர்வது அந்தப் பாதம்தான். இதய மின்வரைபடம் ஒன்றும் எடுத்துவிடுங்கள்.

எடையைக் குறைப்பது

இரண்டு மாதத்தில் 19 கிலோ என்பதை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே உடம்பு தாங்கும் வேகம். ஆறு மாதத்தில் ஐந்தரை கிலோ குறைந்தாலே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரியும். பதினொரு கிலோ குறைந்தால் மூச்சடைப்பின் கடுமையும் இறங்கும், ஆனால் கருவியை நிறுத்தலாமா என்பதை மறு பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

உங்கள் நாளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் நாளொன்றுக்கு 80 கிராம் சர்க்கரை, அதாவது 320 கலோரி, டீயில் மட்டும். சர்க்கரை இல்லாத டீயாக மூன்றோடு நிறுத்தினால், வேறு எதையும் தொடாமலே முதல் படியை ஏறிவிடுவீர்கள். முன்பு சாப்பிட்ட நள்ளிரவு புரோட்டாவுக்குப் பதிலாக எட்டு மணிக்குள் மூன்று இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல் என்று முடித்துக்கொள்ளலாம். ஆனால் இரவு உணவை நிறுத்தவே கூடாது. துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். நாற்பதடி டிரெய்லரை முப்பது முறை சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டர். படுப்பதற்கு முன் மது அருந்தும் வழக்கம் உண்டா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊசியைப் பொறுத்தவரை, செமக்ளூடைடு, டிர்செபடைடு ஆகிய இரண்டும் உண்மையில் வேலை செய்யும் மருந்துகள், உங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தக்கூடியவையும்கூட. ஆனால் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரும், ஆரம்ப வாரங்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டு, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டிய மருந்தை நண்பரின் கைமூலம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆளைப் பார்க்காத சான்றிதழ்

இந்தக் கேள்வியில் தலைகுனிய வேண்டியவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். 25 மீட்டர் தூரத்தில் பலகையைக் காட்டாமலே படிவம் 1-ஏ-யில் கையெழுத்திடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. பொய்ச் சான்றிதழைத் தருவதும், பொய் என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துவதும் குற்றம். உடல் தகுதியற்ற நிலையில் இருப்பதை அறிந்தே வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படித் தனிக் குற்றம். நோய் கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சை பெற்று, கருவியின் பதிவோடு வரும் ஓட்டுநருக்கு நேர்மையான சான்றிதழைத் தர எந்த மருத்துவருக்கும் தயக்கம் இருக்காது. அப்படி வாங்க முடிகிற ஒன்றுக்கு எதற்காகப் பணம் கொடுத்துப் பயத்தை வாங்க வேண்டும்?

இந்த வாரமே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் செல்லுங்கள். நிறுவனத்தின் பரிசோதனைத் தாள், இப்போது விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், நண்பர் கொடுத்தது உட்பட, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தடாவில் நடந்ததை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள், கடைசி வரியாக வேண்டாம். மனைவியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். இரவில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று மருத்துவர் கேட்கும்போது, நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.